கறுப்பு அட்டைப் புத்தகத்தின் மேல் ஒரு கை

எஸ்தர் காளிமுத்து மாடிப்படி ஏறி வந்த காலையில் ராஜலிங்கம் வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எழுபத்துமூன்றாம் ஆண்டு அது. சீனியைக் கண்ணால் கண்டவர்கள் அதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கடை. அதன் மேல்மாடியில் ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஸெய்னுலாப்தீனின் அறை. ராஜலிங்கம் கண்டி நீதிமன்ற வாசலில் பெற்றிசம், அதாவது மனு, எழுதிப் பிழைப்பவர். 'துப்பறியும் உதவியாளர்' என்ற பதவியைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டிருந்தார். பதவியேற்ற நாள் முதல் அவர் குற்றவாளி என்று சுட்டிக்காட்டிய அத்தனை பேரும் நிரபராதிகள். அந்த வகையில் அவரால் இன்ஸ்பெக்டருக்குப் பெரிய உதவிதான்.

வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினாள்.

"மலை மேல இருக்கிற இறையியல் கல்லூரியில படிப்பிக்கிறேன் ஐயா. தற்காலிக வேலைதான். ஆறு வருஷமா சங்கீதங்களை எபிரேய மூலத்திலயிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து, குறிப்பும் எழுதினேன். நேத்து சாயந்தரம் ஆராதனை முடிஞ்சு அறைக்குப் போனா, புத்தகமெல்லாம் தரையில கெடக்கு. நான் எழுதின கட்டைக் காணோம்."

"வேற பிரதி?" என்றார் ஸெய்னுலாப்தீன்.

"இல்ல ஐயா. எபிரேய எழுத்தைக் கையாலதான் எழுதணும். கடதாசிக்கே தட்டுப்பாடு. இன்னொரு தடவை எழுத எங்க போறது?"

"இது ஆருக்கு வேணும்?"

"நாளைக்குக் கல்லூரியோட ஆளுநர் சபை கூடுது. பெங்களூர்ல இருந்து ஒரு பேராசிரியர் வந்திருக்கார். அவர் முன்னாடி என் எழுத்தைப் பார்த்து, சரின்னா வேலையை நிரந்தரமாக்குவாங்க." அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "எங்க அப்பா அம்மா போன வருஷம் தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க. அனுப்புறவங்க பட்டியல்ல எனக்கும் பேர் வந்திருக்கு. நிரந்தர வேலை இருந்தா நான் இங்க இருக்கிறதுக்குக் கல்லூரியே எழுதித் தரும். இல்லாட்டி நானும் கப்பல்தான் ஐயா. கண்ணால பார்க்காத ஊருக்கு."

ராஜலிங்கம் தேநீரைக் கீழே வைத்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்த அவருடைய தமக்கை குடும்பமும் அதே கப்பலில்தான் போயிருந்தது.

"அதை விடக் கொடுமை என்னான்னா, நான் ஒரு வரிகூட எழுதலையாம். அதை மறைக்க நானே அறையைக் கலைச்சுப் போட்டேனாம். அப்படிப் பேசிக்கிறாங்க."

"ஒண்டையும் தொடல்லையே?"

"இல்ல ஐயா."

"அப்ப வாங்க, போவம்."

கல்லூரி, பஸ் மூச்சு வாங்கி நிற்கும் ஒரு மேட்டின் மேல் இருந்தது. எஸ்தரின் அறைக் கதவைத் திறந்ததும் ராஜலிங்கம் "ஐயையோ" என்றார். அலுமாரியில் ஒரு புத்தகம் மிச்சமில்லை. விரிந்தும் மடங்கியும் கவிழ்ந்தும் தரையெல்லாம் புத்தகம்.

ஸெய்னுலாப்தீன் தரையைப் பார்க்கவில்லை. ஓரமாக இருந்த, எஸ்தர் உட்காரும் கதிரையைப் பார்த்தார். அதன் மேல் ஐந்து புத்தகங்கள், விளிம்போடு விளிம்பு பொருந்த அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"இது நீங்க வச்சதா மகள்?"

"இல்ல. நான் அதைக் கவனிக்கவே இல்ல."

"என்னென்ன புத்தகம்? செல்லுங்க பாப்பம்."

எஸ்தர் குனிந்தாள். "தமிழ் வேதாகமம். சிங்கள வேதாகமம். இது இங்கிலிஷ். இது கிரேக்கப் புதிய ஏற்பாடு. இது..." ஐந்தாவது, கறுப்பு அட்டையில் பொன்னிற எபிரேய எழுத்துப் பொறித்த கனமான புத்தகம். அதைப் பார்த்ததும், அன்றைக்கு முதல் தடவையாக, அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இது கோழி வளர்ப்பு ஐயா."

"என்னது?"

"இஸ்ரேல்ல இருந்து விவசாயம் சொல்லிக் கொடுக்க வந்த ஒருத்தர் போகும்போது தந்தது. புது எபிரேயத்தைப் பழகிக்கச் சொன்னார். நம்ம பியோன் கணபதி அண்ணனோட சம்சாரம் அங்கம்மாக்கா இதுல உள்ள படத்தைப் பார்த்துத்தான் கூடு கட்டினாங்க."

"உங்கட எபிரேய வேதாகமம் எங்க?"

அவள் துணிப்பையைத் தட்டிக் காட்டினாள். "இது எப்பவும் என்கிட்டதான்."

ஸெய்னுலாப்தீன் அந்தக் கறுப்புப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி, தம் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். "இது என்ன புத்தகமெண்டு சாயந்தரம் வரைக்கும் ஆருக்கிட்டயும் செல்ல வேணாம்" என்றார்.

முந்திய நாள் ஆராதனையை நடத்தியவர் கல்லூரி அதிபர். மாணவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். வராதவர்கள் மூன்றே பேர்: தேநீர் போட்டுக்கொண்டிருந்த பியோன் கணபதி, புதிய ஏற்பாட்டு விரிவுரையாளர் யோகேந்திரன், பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர் சாமுவேல் தேவராசா.

யோகேந்திரன் சிவப்பு மையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முதலாண்டு மாணவர்களின் எபிரேயப் பயிற்சி. ஒவ்வொரு தாளிலும் ஏதோ கோழி வெட்டிய மாதிரிச் சிவப்பு.

"அவவை நிரந்தரமாக்க வேண்டாமெண்டு சபையில சொன்னவன் நான்தான்" என்றார் தலை நிமிராமல். "அதை முகத்துக்கு நேரே சொன்னனான். அதுக்காக அவவின்ர அறைக்குள்ள பூந்து புத்தகம் தள்ளுவனோ? எனக்குத் தள்ளுறதுக்கு இந்தப் பொடியங்களே போதும். பாருங்கோ, ஆதியாகமத்தின்ர முதல் வரியிலேயே ஆண்டவரைப் பெண்ணாக்கி வச்சிருக்கிறான்."

தேவராசா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை இன்னும் நடுங்கியது. எஸ்தரின் பெயரைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பிள்ளை எழுதினது உண்மை. ஆர் என்ன கதைச்சாலும் நம்பாதேங்கோ. அவள்தான் என்ர குரல். வகுப்பில மூலத்தை அவள் வாசிப்பாள், நான் விளக்கம் சொல்லுவன். இப்ப அப்பிடித்தான் நடக்குது."

"நாளைக்குச் சபையில எழுத்தைப் பாத்துச் சொல்றது ஆரு?"

"நான்தான். வந்திருக்கிறவருக்கு முன்னால மூலத்தோட ஒப்பிட்டு, வரிவரியாய்..." அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "இப்ப எழுத்தே இல்லையே."

வெளியே வந்ததும் ராஜலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

"சேர், தெளிவாப் போச்சு. கோழிப் புத்தகத்தை வேதம்னு நெனைச்சுக் கதிரையில வச்சிருக்கான். அப்ப திருடனுக்கு எபிரேயம் தெரியாது. யோகேந்திரன் எபிரேயம் திருத்துறாரு. தேவராசா எபிரேயத்துக்கே பேராசிரியர். மிச்சம் யாரு? கணபதி! பிடிச்சிருவோமா?"

"ராஜலிங்கம், கணபதிட வீட்டுக் கோழிக்கூடு எந்தப் புத்தகத்தப் பாத்துக் கட்டினது?"

தாம் நிரபராதியாக்கியவர்களின் கணக்கில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார் என்பது ராஜலிங்கத்துக்குப் புரிந்தது. ஆனால் அப்படியானால் மிச்சம் யாருமே இல்லையே? மாலை வரை அவர் அதையே மென்றுகொண்டிருந்தார். வெல்லம் மாதிரி அது கரையவில்லை.

ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடினார்கள். அதிபர், யோகேந்திரன், தேவராசா, தேநீர்த் தட்டோடு கணபதி, கதவோரம் எஸ்தர். மேசையின் நடுவில் ஸெய்னுலாப்தீன் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் அந்தக் கறுப்புப் புத்தகத்தை வைத்தார்.

"நான் முஸ்லிம். உங்கட மார்க்கத்தில சத்தியம் பண்றது கூடாதெண்டும் செல்வாங்க. அதால சத்தியம் வேணாம். ஒவ்வொருத்தரும் இதுக்கு மேல கைய வச்சு, 'அந்த எழுத்துக்கட்டு எங்க ஈக்குதெண்டு எனக்குத் தெரியாது' எண்டு மட்டும் செல்லுங்க. மூத்தவர் முதல்ல."

யோகேந்திரன் புத்தகத்தைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது, ஏதோ சொல்ல வாய் திறந்தார். ஸெய்னுலாப்தீன் ஒரு விரலைத் தூக்கினார். கணபதி சிரிப்பை அடக்கத் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

தேவராசா தடியை ஊன்றி எழுந்தார். மேசையருகே வந்து, நடுங்கும் கையை நீட்டினார். அட்டைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அந்தக் கை நின்றது. பொன்னெழுத்துகளுக்கு மேல் அதன் நிழல் ஆடியது. இறங்கவில்லை.

"ஏலாது" என்றார்.

கணபதி தட்டை முகத்திலிருந்து இறக்கினான்.

"இதுக்கு மேல கை வச்சுப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. என்ர அறையிலதான் இருக்கு. குருப்பட்டம் பெற்ற நாள் போட்ட துணியில சுத்தி வச்சிருக்கிறன். ஒரு தாளும் கசங்கேல்லை."

யோகேந்திரனின் குரல் அவருடைய குரல் போலவே இல்லை. "ஐயா... அது வேதமில்லை."

"என்ன?"

"கோழி வளர்ப்பு. பெரிய எழுத்தில போட்டிருக்கு ஐயா."

தேவராசா அந்தப் பொன்னெழுத்துகளை உற்றுப் பார்த்தார். ஒரு காலத்தில் நன்றாகப் பழகிய வீட்டின் கதவைத் தட்டி, யாரும் திறக்காமல் நிற்பவர் மாதிரி நின்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கள்ளன் வந்த மாதிரிக் காட்டத்தான் புத்தகத்தத் தள்ளினது" என்றார் ஸெய்னுலாப்தீன் மெதுவாக. "ஆனா வேதத்த நிலத்தில போட அந்தக் கைக்கு ஏலாமப் போச்சு. எங்கட வீட்டிலயும் குர்ஆன நிலத்தில வைக்க மாட்டம். அதால கதிரையப் பாத்ததுமே எனக்கு வெளங்கின. செஞ்சது பக்தியுள்ள ஆள். எபிரேய எழுத்தக் கண்டா அது வேதம்தான் எண்டு நெனைக்கிற ஆள். வாசிக்க மட்டும் ஏலாத ஆள். மிஸ்டர் யோகேந்திரன் வாசிப்பார். கணபதிக்குக் கோழி தெரியும். மிச்சம் ஒருத்தர். வகுப்பில மூலத்த எப்பவும் இன்னொருத்தரக் கொண்டு வாசிக்க வைக்கிறவர்."

"வாதம் வந்தபோது எல்லாமே போச்சுது" என்றார் தேவராசா. "தமிழ் திரும்பி வந்தது. பிறகு ஆங்கிலம். எபிரேயம் வரேல்லை. ஒரு வருஷம் இரகசியமாய்ப் பழகிப் பார்த்தன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. முப்பது வருஷம் அதை வாசிச்சவன் நான்... வந்திருக்கிறவருக்கு முன்னால எந்த வரியை ஒப்பிடுறது? அவர் போனதும் திருப்பி வைக்கத்தான் நினைச்சன்."

"எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் யோகேந்திரன்.

"ஆரிட்ட? உன்ர சிவப்புப் பேனையிட்டயோ?"

எஸ்தர் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்தாள். ராஜலிங்கம் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அல்லது மன்னிப்பாள் என்று. அவள் இரண்டையும் செய்யவில்லை.

"அவர் போனா சபையும் கலைஞ்சிரும் ஐயா. அப்புறம் நான் கப்பல்ல இருப்பேன். கட்டை எங்க திருப்பி வைப்பீங்க? கடல்லயா?"

கணபதி கொண்டுவந்த தேநீர் ஆறிப்போய், அப்படியே திரும்பிப் போனது.

மறுநாள் காலை சபை கூடியபோது ஸெய்னுலாப்தீனும் ராஜலிங்கமும் வெளியே விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நடப்பதை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அதனால் ராஜலிங்கம் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

முதலில் தேவராசாவின் குரல். தம்முடைய எபிரேயம் போய்விட்டது என்பதையும், எழுத்துக்கட்டை எடுத்தவர் தாமே என்பதையும், பதவியை விடுகிறார் என்பதையும் அவரே சொன்னார். பெங்களூர்க்காரர் ஏதோ சங்கடத்தோடு இருமினார். "ஒப்பிடுறதை நான் செய்யிறன்" என்றார் யோகேந்திரன். பிறகு தாள் புரளும் ஓசை. எஸ்தர் மூலத்தை வாசித்தாள். பிறகு அதன் தமிழை. ராஜலிங்கத்துக்கு முதலாவதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டாவதைக் கேட்டபோது, ஆழத்திலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

நெடுநேரம் கழித்து யோகேந்திரனின் குரல் வந்தது. "பிழை தேடித்தான் இருந்தனான். கிடைக்கேல்லை." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்து ராஜலிங்கம் அவருக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டார்.

எஸ்தர் வெளியே வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, கப்பல் அவளை விட்டுவிட்டுப் போகும். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. "எனக்குக் கிடைச்சிருக்கிற கதிரை அவரோட கதிரைதான் ஐயா" என்றாள். "அஞ்சு வருஷமா அவர் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சிருக்கேன். என் குரல் நல்லாயிருக்குன்னு சொல்லுவார். நானும் அதுக்காகத்தான்னு நம்பிட்டேன்."

போகும்போது கோழிப் புத்தகத்தை ராஜலிங்கத்தின் கையில் கொடுத்தாள். "இனி இதை என் அலுமாரியில வைக்க முடியாதுங்க. நீங்க கொண்டு போங்க."

கட்டுகஸ்தோட்டை பஸ் நிறைந்து வழிந்தது. ராஜலிங்கம் புத்தகத்தைக் கால்களுக்கிடையில், பஸ்ஸின் தரைப் பலகை மேல் நிறுத்திவிட்டு, அதை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரபீகா உம்மா ஏறி உட்கார்ந்தாள். இரும்புக் கடைக்கு அடுத்த வீட்டுக்காரி. காலடியில் கருவாட்டுப் பையை வைத்தவள் பொன்னெழுத்தைக் கண்டு அரபென்று நினைத்தாள். பையைச் சட்டென்று தூக்கி மறுபக்கம் வைத்தாள்.

"ஓதுற கிதாப நிலத்தில வைக்கலாமா? மடியில வைங்க."

ராஜலிங்கம் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். ஸெய்னுலாப்தீன் சன்னல் வழியே மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன புத்தகம் என்று சொல்லிவிட ராஜலிங்கத்துக்கு நாக்குவரை வந்தது. எதையும் சொல்லாமல் விட்டது அவருடைய வாழ்க்கையில் அரிது. அன்றைக்குச் சொல்லவில்லை.

குனிந்து, அதை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.