வீட்டுக்குள் வந்த அலறல்

ஒரு நொடிக்கு நறுக்கி வைத்த அலறல் நான்கு நொடி ஒலித்தது.

அவள் கணினியைச் சரிபார்த்தாள். நறுக்கியது நறுக்கியபடிதான் இருந்தது. வீடியோ விளையாட்டுக் கூடங்களின் பெரிய இயந்திரங்களில் சக்கைப்போடு போட்ட ஒரு சண்டை விளையாட்டை, வீட்டு டிவியில் மாட்டி ஆடும் சின்னப் பெட்டிக்குள் அடக்குவதுதான் அந்த நிறுவனத்தின் இப்போதைய வேலை. பெட்டியில் இடம் குறைவு. அடி, உதை, எலும்பு முறிவது என்று எல்லா ஓசையையும் அவள்தான் வெட்டிச் சுருக்க வேண்டும். தோற்பவனின் அலறலை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தாள். அது அவள் தம்பியின் குரல்.

மெலிந்த உடம்புக்காரன், ஈர்க்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கேமரா முன்னால் உதைத்து, புரண்டு, விழுந்து, விளையாட்டில் தோற்கும் அந்த வீரனுக்கு உருவம் கொடுத்தவன். வேலைக்குக் கூட்டிவந்தவள் அவள். படப்பிடிப்பு முடிந்து இறங்கும்போது படியில் வழுக்கிக் கழுத்து முறிந்து செத்துவிட்டான் என்று முதலாளி சொன்னார். இரண்டு வருடமாக அதை நம்பி, அதே படிகளில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து ஏறிக்கொண்டிருந்தாள்.

மதியம். எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு பதித்த அறையில் சூடேறிய ஒயரின் வாசனையும், தன் மூச்சு தனக்கே கேட்கும் அமைதியும் மட்டும் மிச்சமிருக்க, மறுபடி ஓடவிட்டாள். அலறலின் வாலில் ஒரு முனகல். ஒலியைக் கூட்டினாள். இருபது இயந்திரங்கள் ஒன்றாகக் கத்தும் கூடத்தில் எவர் காதிலும் விழுந்திருக்காத ஒன்று, இந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது.

“அக்காவக் கூப்பிடுங்க சார்.”

பிறகு முதலாளியின் குரல், சாவகாசமாக. “கேமராவ நிறுத்தாத. நல்லா வருது.”

அன்று அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

முதலாளியைப் போனில் கூப்பிட்டாள். அவர் பல் குத்திக்கொண்டே வந்து அந்தப் பதிவைக் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

“ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பக் கிளறி என்ன ஆகப்போகுது?”

“படியில வழுக்கினான்னு சொன்னீங்க.”

“உனக்குத் தாங்காதுன்னு சொன்னேன்மா. அந்த வால வெட்டிடு.”

“வெட்டியாச்சு. அப்பவும் வருது.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். குடு இப்படி.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பொத்தான்கள் வைத்த ஆட்டக் கட்டையைக் கையில் எடுத்தார். அவள் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

“இப்ப ஆடுங்க சார்.”

திரையில் தம்பி உதைத்தான். உதை வாங்கினான். விழுந்தான். விழும் அசைவுக்குப் பதினொரு படங்கள். அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். பதினொன்றாவதில் முகம் தரையில் புதைந்திருக்கும். அத்தோடு ஆட்டம் முடிய வேண்டும்.

பன்னிரண்டாவது படம் வந்தது.

முகம் திரும்பியிருந்தது. உதடு அசைந்தது. ஒயர் இல்லாத ஸ்பீக்கரிலிருந்து, மெதுவாக.

“அக்கா.”

முதலாளி எழப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய கட்டைவிரல்கள் பொத்தான்களை அழுத்திக்கொண்டேயிருந்தன.

“கைய எடுக்க முடியல. பிளக்கப் புடுங்கு.”

பிளக் அவள் காலடியில் இருந்தது. குனிந்தால் எட்டும். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளைப் பிடரியில் பிடித்து நிமிர்த்தி நிறுத்தியிருந்தது.

அவள் குனியவில்லை.

“அம்மா... தாயி... புடுங்கிடும்மா.”

பதின்மூன்று. பதினான்கு. திரையில் தம்பியின் கழுத்து படம் படமாகத் திரும்பியது. நாற்காலியில் முதலாளியின் கழுத்தும். தாடை தோளைத் தொட்டது. தாண்டியது. ஒரு நரம்பு கயிறாகப் புடைத்தது. பிறகு காய்ந்த சுள்ளியை ஒடிப்பதுபோல் ஒரு சத்தம்.

அறை அடங்கியது.

முதலாளியின் முகம் இப்போது முதுகுப் பக்கம் இருந்தது. இமைக்காத கண்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவளையே பார்த்தன. அந்தப் பக்கம், அவர் மடியில், கட்டைவிரல்கள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

டக். டக். டக்.