பார்சலுக்கு ஒரு வார்த்தை

கூரியர் கடை வரிசையில் நின்று கால் கடுத்து அக்கா வீடு திரும்பியபோது உச்சி வெயில். பூட்டைத் திறந்ததும் அப்பாவின் அறையிலிருந்து தைலமும் பினாயிலும் கலந்த வாடை வந்தது. அவர் போய் மாதங்கள் ஆகியும், எத்தனை முறை கழுவிவிட்டும் அது மட்டும் போவதாக இல்லை.

தம்பி மலைகளின் மேல் நடந்துகொண்டிருந்தான். மாதக்கணக்கில் நடக்கிற பாதை. அந்தப் பெரிய துரை நடப்பார், வீட்டிலிருந்து அவருக்கு வேண்டியதைப் பார்ப்பது அக்காவின் தலையெழுத்து. உலர்ந்த சாப்பாடு, பேட்டரி, காலுறை, மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து எல்லாவற்றையும் கட்டி, அவன் போய்ச் சேரும் முன்பே வழியிலுள்ள விடுதிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அந்தத் துரை ஏதோ ஒரு மலையில்தான் இருந்தார். பீ மூத்திரம் அள்ளியது இவள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். அந்த ஆத்திரம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

முன்னால் போகிறவர்களிடம் சொல்லிப் பார்சலை வாங்கி வைக்கச் சொல்வது நடப்பவர்களின் வழக்கம். அதனால் விடுதிக்காரர்கள் அடையாள அட்டை எதையும் கேட்பதில்லை. அனுப்பியவர் சொல்லிவைத்த வார்த்தையைச் சொன்னால் போதும். அக்கா வைத்த வார்த்தை 'ஊர்சுத்தி'. அப்பா வாய்க்கு வாய் அவனைத் திட்டிய வார்த்தை. ஒவ்வொரு விடுதியிலும் அவன் வாயாலேயே அதைச் சொல்லட்டும் என்று வேண்டுமென்றே வைத்தாள்.

போன் அடித்தது.

"அக்கா, இங்கயும் பார்சலை யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. போன இடத்துலயும் இதே கதைதான்." அவன் மூச்சில் விசில் கேட்டது. "மருந்து தீர்ந்துபோச்சுக்கா. கீழ இறங்கவும் முடியாது. மேல இருக்கிற பார்சலை விட்டா எனக்கு வேற வழியில்ல."

அக்கா அந்த விடுதிக்காரம்மாவை அழைத்து எரிந்து விழுந்தாள்.

"பெரியவர் ஒருத்தர் வந்தாரும்மா. வார்த்தையைச் சரியாத்தான் சொன்னார். திட்டுற மாதிரி சொன்னார்."

"ஆள் எப்படி இருந்தார்?"

"சட்டைப் பொத்தானை ஒண்ணு தள்ளிப் போட்டிருந்தார். புறங்கையில பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பொத்தான்களைப் போட்டுவிட்டது அவள்தான். அப்பாவின் சவப்பெட்டியை மூடும் முன் ஒன்று தள்ளிப் போட்டுவிட்டாள். ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியைப் பிய்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பக்கத்திலேயே கிடந்தவள் கண்ணில் படவில்லை, செத்தும் அவன் பின்னால்தான் அலைகிறாரா? பட்டினி போட்டு, மூச்சை அடைத்து, அவனை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாரா?

மேல் விடுதிச் சமையற்காரரைப் போனில் பிடித்து வார்த்தையை மாற்றினாள். தம்பியிடமும் சொன்னாள். "இனிமே வார்த்தை என் பேரு. மறந்துடாத."

அப்பா அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து 'இந்தா' தான்.

மறுநாள் மதியம் சமையற்காரரே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மா, ஒரு பெரியவர் வந்தார். ஊர்சுத்தி, ஊர்சுத்தின்னு மேஜையை அடிச்சார். வார்த்தை மாறிடுச்சுன்னு சொன்னேன்."

"தம்பி வந்துட்டானா?"

"இன்னும் இல்ல. தூரத்துல யாரோ நின்னு நின்னு ஏறி வர்றது தெரியுது. பெரியவர் என்னை முறைச்சுட்டு, 'என் மகதானே மாத்தினா, அவகிட்டயே கேட்டுக்கறேன்'னு வெளியில போனார். எட்டிப் பார்த்தேன். பாதையில யாருமே இல்லம்மா."

போனைக் கீழே வைத்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது.

ஈர மண் வாடை. பனிக்காற்று. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம் கூடத்தைக் கடந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை.

"இந்தா." காதருகே கிசுகிசுப்பு. "வார்த்தை என்ன?"

 அடக்கிவைத்த அத்தனை வருஷமும் தொண்டைக்கு வந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்பா! ராத்திரி பகல் பாக்காம உங்களைப் பாத்தவகிட்ட வந்து கேக்கறீங்களே, வெக்கமா இல்ல? நெனச்சுப் பாருங்க. எல்லாரும் கூப்பிடற வார்த்தைதான்."

பின்னால் மூச்சு நின்றது. யோசிப்பது போல இருந்தது.

வெகு நேரம்.

அவருக்கு அவள் பெயர் வரவில்லை.

போன் அதிர்ந்தது. தம்பி. "வாங்கிட்டேன்க்கா. மருந்து இழுத்துட்டேன். இப்ப பரவாயில்ல." விசில் இல்லாமல் பேசினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பிழைத்தான். இனி இவர் போய்விடுவார்.

கால் தேய்க்கிற சத்தம் நகர்ந்தது. கொல்லைப் பக்கம் போகவில்லை. அப்பாவின் அறைக்குள் போனது. யாரும் படுக்காத கட்டில் பாரம் தாங்காமல் முனகியது.

"இந்தா, தண்ணி."

வரமாட்டேன் என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கால்கள் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டன.

டம்ளரைக் கட்டில் விளிம்பில் நீட்டினாள். கட்டிலில் யாரும் இல்லை.

அவள் கண்ணெதிரே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.