வலப்பக்கம் சாய்ந்த கார்

கார் வலப்பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. அதிகமில்லை, இரண்டு விரலளவு. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பஸ் டிப்போவில் பதினாறு வருடம் மெக்கானிக்காய்க் குப்பை கொட்டிய இந்திரகுமாரின் கண்ணில் அது குத்திக்கொண்டே இருந்தது.

யுத்தம் முடிந்து ஜேர்மன் படை கைவிட்டுப்போன வண்டியொன்றின் சட்டகத்தில் பழைய ஃபோர்ட் எஞ்சினைத் திணித்து, கூரையை அறுத்தெறிந்து, 1947இல் அண்ணனும் தம்பியுமாகத் தாங்களே செய்த ‘ஹாட் ராட்’ வேகக்கார் அது. இரண்டே சீட்; ஸ்டீயரிங் இடப்பக்கம். அண்ணன் செத்தபின் மிஞ்சியிருந்த தம்பி ஆர்னே, தொண்ணூறு தாண்டிய கிழவர், ஹொல்ம்லியாவில் தன் வீட்டில் வைத்து அதை இவனுக்கு விற்றார். கார்த் திறப்பைத் தருமுன் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஒருவரும் இறங்கவில்லை. பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்தினார். வயது போனால் இப்படித்தான் என்று அன்று இவன் நினைத்தான்.

விபத்தை மறைத்து விற்றுவிட்டாரோ என்றுதான் முதலில் சந்தேகம். வெஸ்ட்லியில் தன் குடியிருப்புக் கராஜில் ஸ்பிரிங்குகளை மாற்றினான், சட்டகத்தை நூல்பிடித்து அளந்தான். எல்லாம் நேர். சாய்வு மட்டும் போகவில்லை. எத்தனை தரம் கழுவினாலும் அந்த வலது சீட்டிலிருந்து நனைந்த கம்பளியும் புகையிலையும் கலந்த வாடை கிளம்பியது; இவன் காருக்கடியில் படுத்துக் கிடக்கும்போது, மேலே தோல் மெல்லக் கிறீச்சிட்டது, யாரோ வசதியாக இருக்கப் பார்ப்பதுபோல. பயமாயிருந்தது. ஆனால் மனைவி அருள்ராணியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றே காரைத் தலைமுழுகச் சொல்லுவாள்.

மே மாதச் சனிக்கிழமை காலை, குடியிருப்புக் கட்டடத்தின் முன்னால் காருக்குப் பூசை. அருள்ராணி சந்தனப்பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாள். இவன் ஏறிக் காரை முன்னுக்கு எடுத்தான். இடப்பக்கத் தேசிக்காய்கள் பிளந்து கிடந்தன. வலப்பக்கத்தில் தோல்கூட மிஞ்சாமல் நசிந்து இரண்டு ஈரக் கறைகள் மட்டும்.

"முதல்லை பெட்டைப்பிள்ளைதான் ஏற வேணும்," என்றாள் அருள்ராணி. "அபிஷா, வலதுகாலை வைச்சு ஏறம்மா."

ஏழு வயது மகள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. நல்ல நேரத்தில் அபசகுனமாய் வாய் திறக்காதே என்று வளர்த்த வளர்ப்பு. விழுங்கிவிட்டான்.

"என்னப்பா, முகம் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாள் அருள்ராணி.

"ஒண்டுமில்லை."

கதவு சாத்தும் சத்தம். கம்பளி வாடை. மிக அருகில்.

"அப்பா, எனக்கு ரோட்டு முழுக்கத் தெரியுது!"

தெரியக்கூடாது. பள்ளமான சீட் அது. அவள் சின்னப் பிள்ளை.

கழுத்தைத் திருப்பினான்.

சீட்டின் தோல் ஆழமாய் அமுங்கியிருந்தது. அதற்கு மேலே ஒரு சாண் வெறும் வெளி. அந்த வெளிக்கு மேலே, காலை ஆட்டிக்கொண்டு, சொகுசாய்ச் சாய்ந்து அபிஷா இருந்தாள். அவளுடைய புதுச் சட்டை இடுப்பைச் சுற்றி மெல்ல மெல்ல இறுகியது.