வராந்தாப் படம்

வரவேற்பறைக் கணினியில் மட்டும் படத்துக்குள் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏதோ பூச்சி ஒட்டியிருக்குன்னு நினைச்சு துணியால துடைச்சேன் சார். போகல. உத்துப் பாத்தா ஆள் மாதிரி இருக்கு" என்று வரவேற்பறைப் பெண் சனிக்கிழமை மாலை கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "திங்கக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க. அதைப் பாத்துக்கிட்டு என்னால போன் பேச முடியாது."

அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் அந்தப் படத்தையே எடுத்தவன். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு ஆபீஸில் பெயர் கிடையாது, 'சிஸ்டம்' என்றால் திரும்புவான். மேலாளருக்குத் திடீரென்று நிறுவனத்தின் மேல் பாசம் பொங்கி, இனி யார் கணினியிலும் பூனை, குழந்தை, கடற்கரை எதுவும் இருக்கக் கூடாது, நம் ஆபீஸ் வராந்தாதான் வால்பேப்பராக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். சிஸ்டம் தன் போனை எடுத்துப் போய் நீளமான வராந்தாவையும் அதன் கோடியில் இருந்த மூடிய கதவையும் படம் பிடித்தான். சர்வரில் ஒரு இடத்தில் அதை வைத்து, குரூப் பாலிசியில் ஒரு வரி எழுதினான். அவ்வளவுதான் வேலை. குரூப் பாலிசி என்பது கண்டிப்பான மாமியார் மாதிரி. மேலே இருந்து ஒருமுறை சொல்லிவிட்டால் கீழே உள்ள அத்தனை மெஷினும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், கழற்ற முடியாது.

ஞாயிறு மதியம் ஆபீஸில் அவனும், கீழே கேட்டில் வாட்ச்மேனும் மட்டும். ஏ.சி. ஓடாததால் தரைவிரிப்பிலிருந்து ஈரச் சாக்கு நாற்றம் கிளம்பி மூக்கில் ஏறியது. சாத்திய கண்ணாடிகளுக்கு வெளியே மழை கட்டிக்கொண்டு வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆளில்லாத மேசைகளில் கணினிகள் மட்டும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன.

சர்வரில் இருந்த மூலப் படத்தைத் திறந்து பார்த்தான். வராந்தா சுத்தமாக இருந்தது. வரவேற்பறைக்குப் போய்ப் பார்த்தான். கோடியில், மூடிய கதவுக்கு முன்னால், நகக்கண் அளவுக்கு ஒரு உருவம் நின்றது. 'நகல் கெட்டுப்போயிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையில் இருந்த லேப்டாப்பில் கன்சோலைத் திறந்து, பாலிசியை மறுபடி எல்லா மெஷினுக்கும் வலுக்கட்டாயமாகத் தள்ளினான். ஒரு பொத்தான்தான். ஆபீஸ் முழுவதும் கணினிகள் அணைந்து எழ, அவற்றின் மின்விசிறிகள் ஒன்றாக அடங்கி, ஒன்றாக எழுந்தன.

வரவேற்பறைப் படம் பளிச்சென்று ஆனது. உருவம் இல்லை.

திரும்பி வரும் வழியில் கணக்குப் பிரிவைத் தாண்டும்போதுதான் பார்த்தான். அங்கிருந்த எல்லாத் திரைகளிலும் உருவம் இருந்தது. இப்போது விரல் உயரம்.

'இங்கே ஓடி வந்துட்டியா' என்று சிரிப்புக்கூட வந்தது அவனுக்கு. பிழை ஒன்றைத் துரத்துவது அவனுக்குப் பிடித்த விளையாட்டு. மறுபடி தள்ளினான். கணக்குப் பிரிவு சுத்தமானது. விற்பனைக் கூடத்துக்குப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கூடம் நிறைய வரிசை வரிசையாகத் திரைகள், அத்தனையிலும் அதே உருவம், பாதி வராந்தாவைக் கடந்து, ஒரு காலைத் தூக்கி வைத்த நிலையில் நின்றது. தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்தது தப்பு. அது நடந்து வந்துகொண்டிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் துள்ளித் திரும்பினான். வாட்ச்மேன்.

"வேற யாராச்சும் வந்திருக்காங்களா சார்? வராந்தாவுல நடக்கிற சத்தம் கீழ வரைக்கும் கேட்டுது."

"நான்தான் நடந்தேன்."

"வெறுங்கால் சத்தம் சார்" என்றார் வாட்ச்மேன். அவன் ஷூவைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். விவரமான மனிதர்.

போன் அடித்தது. மகள். வீட்டில் தனியாக இருந்தாள். அவன் மனைவி நர்ஸ், டூட்டி முடிந்து இருட்டியபின்தான் வருவாள்.

"அப்பா, எப்ப வருவீங்க? என் கம்ப்யூட்டர் தானாவே அணைஞ்சு அணைஞ்சு வருதுப்பா. வரைஞ்ச படமெல்லாம் போச்சு."

"கரண்ட் சரியில்ல குட்டி. அப்பா இதோ முடிச்சிட்டு வந்துடறேன். கதவு பூட்டியிருக்குல்ல?"

"பூட்டியாச்சு."

போனை வைத்துவிட்டு மூன்றாம் முறை தள்ளினான். விற்பனைக் கூடம் காலியானது. எங்கே போயிருக்கும் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. மேலாளர் அறைக் கதவைத் திறந்தான்.

திரை முழுக்க ஒரு தலை. கவிழ்ந்த தலையின் உச்சி. ஈர முடி, நடுவே வகிடு, வகிட்டில் வெளுத்த தோல். கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்ததுபோல அவ்வளவு அருகில். தலை நிமிர்வதற்கு முன் போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வெளியே ஓடி வந்து லேப்டாப்பில் பொத்தானைக் குத்தினான்.

பிறகு ஒவ்வொரு பிரிவாகப் போனான். வரவேற்பு, கணக்கு, விற்பனை, மேலாளர் அறை. எல்லாம் சுத்தம். வெறும் வராந்தா.

"தொலைஞ்சுது சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கன்சோலை மூடப் போனபோது பட்டியலைப் பார்த்தான். படம் போய்ச் சேர்ந்த குழுக்கள் வரிசையாகப் பச்சையில் இருந்தன. வரவேற்பு. கணக்கு. விற்பனை. மேலாளர். அதற்கும் கீழே ஒன்று.

கழித்தவை.

பழையதாகிப் போன மெஷின்களைப் போட்டு வைக்க அவனே உண்டாக்கிய குழு அது. எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை, மகள் படிக்கட்டும் என்று, அவன் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்க வசதியாக ஆபீஸ் இணைப்பையும் கொடுத்திருந்தான். குழுவிலிருந்து மட்டும் நீக்கவில்லை. இன்றைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று விட்டுவிட்ட சின்ன வேலை. வேலியில் போன ஓணானைத் துரத்தித் துரத்தித் தன் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறான்.

மகளை அழைத்தான்.

"அப்பா" என்றாள் உடனே. "என் கம்ப்யூட்டர்ல நான் இருக்கேன்."

"என்ன?"

"என் முதுகு. சடை. இதே நாற்காலியில உக்காந்திருக்கேன். எப்பப்பா எடுத்தீங்க?"

"குட்டி. திரும்பிப் பாக்காத. எழுந்து நேரா வாசலுக்குப் போ."

"வாசல் பின்னாலதானே இருக்கு?"

ஆமாம். கண் கூசக் கூடாதென்று மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டவன் அவன்தான்.

"அப்பா, இப்ப படத்துல என் தலைமேல ஒரு கை இருக்கு."

"குட்டி..."

"சில்லுனு இருக்குப்பா."

அப்புறம் குரல் இல்லை. நடக்கும் சத்தம் மட்டும். இரண்டு பேர். வெறுங்கால். நீளமான வராந்தாவில் நடந்தால் வருமே, அந்த எதிரொலி. அவன் வீட்டில் இருப்பது இரண்டு சின்ன அறைகள்.

ஓடினான். லேப்டாப் கையிலேயே இருந்தது. வீட்டுக்கு ஓட வேண்டும். வரவேற்பறையைத் தாண்டும்போது கால்கள் நின்றுவிட்டன.

திரையில் வராந்தா. கோடியில், மூடிய கதவுக்கு முன்னால், நகக்கண் அளவுக்குப் பச்சை கவுன். அவன் மகள். முகம் தெரியவில்லை. அவ்வளவு தூரம்.

பக்கத்தில் கொண்டுவர ஒரே வழிதான் உண்டு.

தள்ளினான். கணக்குப் பிரிவுக்கு ஓடினான். விரல் உயரம். அழுதுகொண்டிருந்தாள். "அப்பா இருக்கேன், வாடா" என்று திரையைத் தடவினான். தள்ளினான். விற்பனைக் கூடம். பாதி வராந்தா. அழுகை நின்றிருந்தது. எல்லாத் திரையிலும் அவள் தலை கவிழ்ந்திருந்தது. கைகள் கொஞ்சம் நீண்டிருந்தன. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் தள்ளினான்.

மேலாளர் அறை. திரை முழுக்க மகளின் முகம். நிமிர்ந்திருந்தது. உதடுகள் சிரித்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் வராந்தா. அதன் கோடியில் கதவு. கதவு திறந்திருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"இன்னைக்குச் சீக்கிரமே விட்டாங்க, நான் வீட்டுக்கு வந்துட்டேங்க. கதவு பூட்டினபடிதான் இருந்துச்சு, குட்டியைக் காணோம். உங்ககூடவா இருக்கா?"

திரையில் இருப்பது மகளில்லை என்று அறிவு சொன்னது. பெற்ற மனசு அறிவின் பேச்சை எப்போது கேட்டிருக்கிறது.

"ஆமா" என்றான். "என்கூடத்தான் இருக்கா. நீ அங்கயே இரு. இப்ப வந்துடுவா."

விரல் இறங்கியது. மின்விசிறிகள் அடங்கின. எழுந்தன. திரையில் வெறும் வராந்தா.

போனில் மழைச் சத்தம். ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு மனைவியின் குரல், பயம் தெளிந்த சிரிப்போடு.

"அட, இங்கதான் இருக்கியா! எங்கடி ஒளிஞ்சிருந்தே? ஏன் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டிருக்கே? எடு, எடு கையை. அம்மா பாக்கட்டும்."