பல் தாண்டிய பெல்ட்

டிக்கிக்குள் பச்சியப்பன் காலை மடக்கிக்கொண்டு கிடந்தான்.

கண்கள் பாதி திறந்திருந்தன. காதோரம் வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் உறைந்துபோயிருந்தது.

முனிராஜ் டிக்கியை அறைந்து மூடினான். பூட்டினான். குவாரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

ஒரு காக்கா குருவி இல்லை!

ஆடிப் பதினெட்டு. கல் உடைக்கிறவர்கள், லாரி டிரைவர்கள், வாட்ச்மேன்... எல்லோரும் ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள்.

கொலை செய்ய இதைவிட நல்ல நாள் காலண்டரிலேயே கிடையாது!

செத்தவன் வேறு யாருமில்லை. முனிராஜின் மனைவி தீர்த்தம்மாளின் சொந்தத் தம்பி. குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவன். கொஞ்ச நேரம் முன்னால் ஆபீஸ் ரூமுக்குள் வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"மாமா... நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். ஆண்டி விஷயத்தைச் சொல்லிடப் போறேன்."

"என்னாடா ஒளர்ற?"

"கண்ண மூடினா சாலம்மா வந்து நிக்கிறா மாமா. என்னால முடியல. நான் போறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினான்.

மூலையில் கடப்பாரை சாய்ந்திருந்தது. முனிராஜ் யோசிக்கவே இல்லை.

ஒரே அடி!

ஆண்டியும் சாலம்மாளும் வத்தல்மலையிலிருந்து கல் உடைக்க வந்த புருஷன் பெண்டாட்டி. போன மாதம் வெடி வைத்த அன்று, "விசில் ஊதி ஆளுங்கள வெளிய அனுப்பிட்டு வெடிக்கலாம் மாமா" என்று பச்சியப்பன் கெஞ்சினான்.

"லாரி காத்துக் கெடக்குது. போடுடா!" என்று முனிராஜ்தான் கத்தினான்.

பாறை பிளந்தது. கீழே இரண்டு பேர் இருந்தார்கள்.

அன்றைக்கே மெஷினை விட்டுக் கல்லையும் மண்ணையும் தள்ளி மேடாக்கினான் முனிராஜ். 'அட்வான்ஸ் வாங்கிட்டு ரெண்டு பேரும் பெங்களூருக்கு ஓடிட்டாங்க' என்று ஊரெல்லாம் சொன்னான். ஊர் நம்பியது. போலீஸ் நம்பியது.

பச்சியப்பனுக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது.

'இப்ப நல்லாத் தூங்கு மாப்ளே!'

முனிராஜ் காரில் ஏறினான். பொம்மிடி ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், தோண்டிப் போட்டுவிட்டுப் போன பழைய குவாரிக் குழி. முழுக்கத் தண்ணீர். ஆழம் யாருக்கும் தெரியாது. காலில் கல்லைக் கட்டி இறக்கிவிட்டால்...

சாவியைத் திருகினான்.

கர்... கர்ர்... கர்ர்ர்...

"என்ன எழவு இது?"

ஜப்பான் இன்ஜின் வைத்த நீளமான டீசல் கார். நேற்றுதான் சேலத்து ஷோரூமில் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. டைமிங் பெல்ட் என்று ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டதாம். புதிதாக மாற்றினார்களாம். கழுத்தில் டை கட்டிய சர்வீஸ் மேனேஜர் சாவியை நீட்டி, "இனிமே ஏரோப்ளேன் மாதிரி போகும் சார்!" என்று பல்லைக் காட்டினான்.

நாலாவது தடவைதான் இன்ஜின் பிடித்தது. பிடித்ததும் பின்னால் கன்னங்கரேலென்று புகை!

ஏரோப்ளேன் உறுமிக்கொண்டே நகர்ந்தது. சின்ன மேட்டுக்கெல்லாம் மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. ஒரு மாட்டு வண்டிக்காரன் முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"டேய் சேலத்தானே... உன்னக் கவனிச்சுக்கறேன்டா!"

பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மிடி கேட்டு வரை ஓட்டி வந்தான். கேட்டு திறந்திருந்தது. காரை ஏற்றினான்.

தண்டவாளத்தின் நடுவில்...

டப்!

இன்ஜின் செத்தது.

திருகினான். கர்ர். திருகினான். கர். அப்புறம் அதுவும் இல்லை.

"யோவ்! வண்டிய எடுய்யா! ஜோலார்பேட்டை வண்டி வருது!" கேட் கீப்பர் சிவப்புக்கொடியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

முனிராஜ் கதவில் கை வைத்தான். இறங்கி ஓடிவிடலாமா? ரயில் வந்து மோதினால்? டிக்கி பிளந்தால்?

"என்னாங்க முனிராஜ்... தண்டவாளத்துல பார்க்கிங் போட்டிருக்கீங்க?"

முனிராஜ் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் போலீஸ் ஜீப். இறங்கி வந்தவர் பொம்மிடி இன்ஸ்பெக்டர் காளியப்பன்!

"வண்டி... வண்டி நின்னுபோச்சுங்க சார்!"

"ஸ்டீரிங்கப் புடிங்க. நான் தள்றேன். யோவ், நாலு பேரு வாங்கய்யா!"

நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் பின்பக்கம் போனார்கள்.

கண்ணாடியில் பார்த்தான் முனிராஜ். பத்துக் கைகள் டிக்கியின் மேல் பதிந்திருந்தன. நடுவில் இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகள்!

"என்னாங்க இது, இந்தக் கனம் கனக்குது!"

"இரும்புங்க சார்... நல்ல கெட்டி இரும்பு!"

கார் உருண்டு கேட்டைத் தாண்டியது. பின்னால் ரயில் அலறிக்கொண்டு போனது.

"ரொம்ப நன்றிங்க சார். நீங்க கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாப்பீங்க? நல்ல நாளும் அதுவுமா எவன் வருவான்? நம்ம மெக்கானிக் காஜா ஷெட்டு பக்கத்துலதான். ஜீப்புல கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்."

"வேணாங்க சார்! சேலத்துக்கு போன் பண்ணா..."

"அட, சும்மா வாங்க. உங்களுக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப் போறேன்?"

கயிறு கட்டப்பட்டது. பிணத்தோடு போகிற காரைப் போலீஸ் ஜீப்பே இழுத்துக்கொண்டு போனது!

காஜா புளியமரத்தடியில் ஷெட் போட்டிருந்தான். கிரீஸ் படிந்த லுங்கி. வாய் மட்டும் படு சுத்தம். ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

"வாங்க மொதலாளி! இந்த வண்டியா? பெங்களூர்ல ஜப்பான்காரன் பக்கத்துல நின்னு தொழில் கத்துக்கிட்டவன் நானு. அவனே சந்தேகம்னா என்னத்தான் கேப்பான்."

"ஜப்பான் பாஷையிலயா கேட்டான்?" என்றார் காளியப்பன்.

"தொழிலுக்கு ஏதுங்க பாஷை!"

பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான் காஜா. முனிராஜ் டிக்கிப் பக்கமாகவே நின்றுகொண்டான். சாவியைப் பாக்கெட்டில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

காளியப்பன் எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தார். ஒரு கிளாஸை முனிராஜிடம் நீட்டினார். டீ தளும்பியது.

"என்னாங்க, கை இப்படி நடுங்குது?"

"ரயிலப் பாத்த பயமுங்க."

"நியாயந்தான். அது சரி, உங்க குவாரியில இருந்து ஓடிப்போனாங்களே ஆண்டி, சாலம்மா... அந்த ஆண்டியோட அக்கா மாதம்மாள் என் உசுர வாங்குதுய்யா. தெனம் மலையிலேருந்து எறங்கி வந்து ஸ்டேஷன் வாசல்ல குந்திக்குது. 'என் தம்பி சொல்லாமப் போவமாட்டான் சாமி'ன்னு ஒரே அழுவ."

முனிராஜ் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நீங்க என்னாங்க சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? பெங்களூருக்குப் போய்த் தேடுன்னேன். நேத்திக்கு ரொம்ப நச்சரிச்சிருச்சு. புடிச்சு வெளிய தள்ளச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

முனிராஜுக்கு உள்ளுக்குள் தெம்பு வந்தது. 'இந்த ஆளா நம்மைப் பிடிக்கப் போறான்?'

"புடிச்சிட்டேன்!" என்று கத்தினான் காஜா.

முனிராஜ் துள்ளி விழுந்தான்.

"என்னாத்த?"

"கோளாறத்தான் மொதலாளி. இங்க வந்து பாருங்க. பெல்ட்டு புதுசுதான். ஆனா அத இழுத்துப் புடிக்கிற போல்ட்ட முடுக்கவே இல்ல! கையால திருகிட்டு டீ குடிக்கப் போயிட்டான் பாவி. தளர்ந்து சக்கரத்துல பல்லு தாண்டியிருக்கு. இன்னும் ரெண்டு பல்லு தாண்டியிருந்தா இன்ஜின் சுக்குநூறு!"

"செரி பண்ண முடியுமா, முடியாதா?"

"காஜா கிட்ட வந்துட்டு இந்தக் கேள்வியா?"

பல்சக்கரங்களில் இருந்த குறிகளை நேராக்கினான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். போல்ட்டை முடுக்கினான். நல்லவேளையாகப் பின்பக்கம் ஒருமுறைகூட வரவில்லை.

"திருப்புங்க மொதலாளி!"

உர்ர்ர்...

முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. நடுக்கம் இல்லை.

முனிராஜுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பழைய குழி கூப்பிடு தூரத்தில். கூலியாகக் கையில் கிடைத்ததை காஜாவின் சட்டைப் பையில் திணித்தான். கியரில் கை வைத்தான்.

"வரேன் சார்! பெரிய உபகாரம் பண்ணீங்க!"

"போயிட்டு வாங்க."

"இருங்க, இருங்க!" காஜா குறுக்கே வந்து நின்றான். "ஒரு சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

டொக்... டொக்...

இன்ஜின் உறுமலுக்கு அடியில் மெலிதாக ஏதோ தட்டியது.

முனிராஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"புது பெல்ட்டு... கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தட்டும்னு ஷோரூம்லயே சொன்னாங்க. வழிய வுடு காஜா!"

"அவன் கெடக்கறான், போல்ட்டு முடுக்கத் தெரியாதவன்! என் ஷெட்டுலேருந்து ஒரு வண்டி சத்தத்தோட வெளிய போனா நாளைக்கு எவன் மதிப்பான் என்ன?"

"நான் மதிக்கிறேன்யா! வுடு!"

காஜா கேட்கவில்லை. பானெட்டில் காதை வைத்தான். தலையை ஆட்டினான். முன் கதவில் வைத்தான். பின் கதவுக்கு நகர்ந்தான்.

"முன்னாடி இல்லீங்க... பின்னாடி. கியர் ராடா இருக்குமோ? இன்ஜின ஆஃப் பண்ணுங்க மொதலாளி."

முனிராஜ் ஆஃப் பண்ணவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். இன்ஜின் அலறியது. அந்த அலறலில் எல்லாச் சத்தமும் மூழ்கட்டும்!

காளியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டார். சாவியைத் திருகினார்.

இன்ஜின் நின்றது.

புளியமரத்து இலைகூட அசையவில்லை.

டொக்.

டொக்... டொக்.

"யா அல்லா!" காஜா இரண்டடி பின்வாங்கினான். "இன்ஜினே ஓடல... எப்படிங்க தட்டும்?"

"ஸ்டெப்னி சார்... லூசா ஆடுது..."

"நின்ன வண்டியில ஸ்டெப்னி ஆடுமா முனிராஜ்?"

சாவி காளியப்பன் கையில் இருந்தது. பின்பக்கம் போனார். திறந்தார்.

ரத்தத்தில் ஊறிய ஒரு கை மெல்ல வெளியே நீண்டது.

பச்சியப்பன் சாகவில்லை!

காஜா ஓடிப்போய் தாங்கிப் பிடித்தான். பெஞ்சில் சாய்த்துத் தண்ணீர் புகட்டினான். முனிராஜ் கதவைத் திறந்து ஓடப் பார்த்தான். ஜீப் டிரைவர் சட்டையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார்.

"யாருய்யா நீ? யாரு அடிச்சது?" காளியப்பன் குனிந்தார்.

பச்சியப்பன் அவரைப் பார்க்கவில்லை. முனிராஜைத்தான் பார்த்தான்.

"ஏன் மாமா?"

முனிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வெடிய நான்தான் தப்பா வெச்சேன்னு சொல்லத்தானே கெளம்பினேன்!"

முனிராஜ் நிமிர்ந்தான்.

"என்னாது?"

"உங்க பேரே வராது மாமா. பழியெல்லாம் நான் ஏத்துக்கறேன், நான் ஜெயிலுக்குப் போறேன்... அவங்க ரெண்டு பேரையும் தோண்டியெடுத்து ஒழுங்கா அடக்கம் பண்ணட்டும், அது போதும்னு காலையிலதான் அக்கா கிட்ட சொன்னேன். அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. 'மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா'ன்னு அதுதான் அனுப்பிச்சுது. அதுக்குத்தான் மாமா வந்தேன்!"

முனிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடிக்காமல் இருந்திருந்தால்... பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்... அவன் பாட்டுக்குத் தப்பித்திருப்பான்! காப்பாற்ற வந்தவனின் மண்டையைத்தான் உடைத்திருக்கிறான்!

"மாப்ளே... தெரியாமப் பண்ணிட்டேன்டா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. அதையே சொல்லிடுடா. அக்காவுக்காக..."

பச்சியப்பன் மாட்டேன் என்று தலையை மெல்ல ஆட்டினான். கண்ணீர் காதோரத்து ரத்தத்தில் கலந்தது.

"டிக்கி இருட்டுல முழிச்சப்ப அக்காவத்தான் நெனச்சேன் மாமா. நீங்க அதையும் ஒரு நாள் இப்படித்தான் அடிப்பீங்க." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "எழுதிக்கங்க சார். விசில் ஊதறதுக்கு முன்னாடி வெடிக்கச் சொன்னது இவருதான். ஆண்டியும் சாலம்மாவும் பெங்களூருக்குப் போவல. கெழக்கு மூலையில ஒரு மண்மேடு இருக்கும். அதுக்குக் கீழ இருக்காங்க."

காளியப்பன் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தப் பொம்பள நெசத்தச் சொல்லுச்சு. நான் வெளிய தள்ளச் சொன்னேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. அப்புறம் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "இந்தத் தம்பிய மொதல்ல தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ! அப்படியே ஸ்டேஷன்ல சொல்லு. மாதம்மா வாசல்ல இருந்தா உள்ள கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வைக்கச் சொல்லு. நான் வந்து... நானே சொல்லிக்கறேன்."

முனிராஜின் கையில் விலங்கு ஏறியது.

அப்போதுதான் அவன் கத்த ஆரம்பித்தான். மண்மேடு, மச்சினன், பெண்டாட்டி... எதுவும் அவன் கண்ணில் படவில்லை. சேலத்து மேனேஜரின் டைதான் தெரிந்தது.

"எல்லாம் அந்த ஷோரூம்காரனால வந்தது சார்! ஒரு போல்ட்ட முடுக்கியிருந்தா இந்நேரம் நான் வேலைய முடிச்சிட்டு வூட்ல சோறு தின்னுக்கிட்டிருப்பேன்! அவன விடமாட்டேன்! வண்டி சரியா ஓடலன்னு கோர்ட்டுக்கு இழுக்கறேன் பாருங்க!"

காளியப்பன் அவன் தோளில் கை வைத்தார்.

"தாராளமா இழுங்க முனிராஜ்! வண்டி எப்படி ஓடுச்சுன்னு சாட்சி சொல்ல, டிக்கியிலயே ஒருத்தரு கூட வந்திருக்காரே!"