மிதிக்காத பிரேக்

சோதனை ஓட்டத்தில் காருக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டியரிங்கில் மெக்கானிக். அவருக்குப் பக்கத்தில் வண்டிக்காரன். பின் சீட்டில், மெக்கானிக்குக்கு நேர் பின்னால், வண்டிக்காரனின் மனைவி.

"நடுக்கம் எங்க தெரியுதுன்னு அவங்கவங்க உக்காந்த இடத்துலேருந்தே சொல்லுங்க. முன்சக்கரமா பின்சக்கரமான்னு அதை வச்சுத்தான் பிடிக்கணும்" என்ற மெக்கானிக், சரிவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினார். "எனக்கு ஸ்டியரிங் குதிக்குது. உனக்கு எப்படிம்மா?"

"இங்க ஒண்ணுமே தெரியலண்ணே."

"தம்பிக்கு?"

"ஸ்டியரிங்தான்" என்றான் அவன்.

பொய். அவனுக்குத் தெரிந்தது பாதத்தில். மிதி எதுவும் இல்லாத அந்தப் பக்கத்தில், ரப்பர் விரிப்புக்கு அடியில், ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு போனது. அதுவும் மெக்கானிக் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே.

அந்தப் புரளலை அவன் அறிவான். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, வைப்பர் அடித்துக்கொண்டிருக்க, வளைவில் வண்டியின் அடியில் அப்படித்தான் ஏதோ புரண்டது. அவன் பிரேக் போடவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, அது மனைவியின் தங்கை என்று. அடையாளம் தெரியாத வாகனம் என்று போலீஸ் முடித்துக்கொண்டது. பாடையைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். எல்லோரையும்விட அவன்தான் அதிகமாக அழுதான் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பட்டறையில் கிரீஸும் சூடான இரும்பும் நனைந்த சாக்கும் கலந்த வாடை அடித்தது. எங்கோ ஒரு குழாயிலிருந்து காற்று கசிந்து, தூங்குகிறவர்களின் மூச்சுப்போல இழுத்து இழுத்து ஓய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தட்டான டிஸ்க்கின் மேல் ஆட்டம் அளக்கும் கேஜை வைத்துச் சுற்றினார். முள் ஒரே இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும், துள்ளியது.

"இதுக்கு முன்னாடி பார்த்தவன் ரெண்டு தடவை டிஸ்க்கை மாத்தியிருக்கான். அது உக்கார்ற ஹப்பை ஒரு தடவைகூடச் சுரண்டல. நாற்காலி கோணலா இருந்தா உக்கார்ற ஆளை மாத்தி என்ன பிரயோஜனம்? கொஞ்சம் துரு இருந்தாலே போதும், தட்டு ஆடும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். மெக்கானிக் டிஸ்க்கை உருவினார். ஹப்பின் முகத்தில் பிறைபோல ஏதோ ஒட்டியிருந்தது. திருப்புளியால் நெம்பி உள்ளங்கையில் போட்டுக்கொண்டார்.

"துருன்னு பார்த்தேன். நகம்."

அதில் நீலப் பாலிஷ் பாதி உரிந்திருந்தது. அதைத் தங்கைக்குப் பூசிவிட்டவள் அவன் மனைவிதான். அவள் நகத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அழவில்லை. கத்தவில்லை.

"நல்லாத் தேய்ச்சு மாட்டுங்கண்ணே. அப்படியே ஒரு தபால் கவர் இருந்தா கொடுங்க."

மெக்கானிக் கம்பித்தூரிகையால் ஹப்பைத் தேய்த்த நேரம் முழுவதும், அவள் அவருடைய மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று அவன் எட்டிப் பார்த்தான்; அவள் கையால் மறைத்துக்கொண்டாள். தூரிகை இரும்பில் கீறும் சத்தம் அவன் பல்லில் கூசியது.

திரும்பக் கேஜ் வைத்தபோது முள் அசையவே இல்லை.

"இனிமே வெண்ணெய் மாதிரி நிக்கும் தம்பி."

"வீட்டுக்கு நீங்களே ஓட்டுங்க" என்று அவனிடம் சொல்லி அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தூறல். மெக்கானிக் சொன்னது சரிதான், எங்கே பிரேக் போட்டாலும் ஒரு சிலிர்ப்புகூட இல்லை. பின்னால் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதோடு சேராமல் இன்னொரு மூச்சும். அவன் ரேடியோவைப் போட்டான். இன்னொரு மூச்சு கீழேயிருந்து வந்தது. அவன் முழங்காலுக்குக் கீழேயிருந்து.

அந்த வளைவு வந்தது.

"இங்க நிறுத்து."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்று சொன்னதில்லை. அவன் மிதித்தான். வண்டி நடுரோட்டில் வெண்ணெய்போல நின்றது.

"அன்னிக்கு நீ பிரேக்கைத் தொட்டியா?"

அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

"சும்மா கேட்டேன்."

ஓரம் கட்டலாம் என்று காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. செருப்பின் மேல் ஈரம். சில்லென்று. ஒரு சின்னக் கை, அவன் பாதத்தின் மேல் படிந்து, மிதியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கை கணுக்காலைச் சுற்றியது. எஞ்சின் தானாக அணைந்தது. விளக்குகளும்.

பின்னால், சரிவின் உச்சியில், ஒரு லாரியின் இரைச்சல்.

"கால்... கால் வரமாட்டேங்குது. ஏய், கொஞ்சம் பிடிச்சு இழு."

அவள் முன்னால் குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே, அவன் காலடியின் இருட்டைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"இறுக்கிப் பிடிச்சுக்கோடி. விட்டுடாதே."

பிறகு கடிதமும் நகமும் இருந்த கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து, விரலால் நீவி ஒட்டினாள். 'காவல் நிலையம்' என்ற எழுத்து அவன் கண்ணில் பட்டது. கதவு திறந்தது. மூடியது. தூறலில் நனையாமல் கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ரோட்டைக் கடந்தாள், எதிர்ப்பக்கத் தபால் பெட்டியை நோக்கி.

கண்ணாடி முழுக்க வெளிச்சம். ஹாரன்.

கீழே பிடி இறுகியது. இருட்டிலிருந்து ஒரு தலை மெல்ல எழுந்து, நனைந்த கூந்தலோடு, குழந்தைபோல அவன் மடியில் சாய்ந்துகொண்டது.

எதிர்ப்பக்கத்தில் அவள் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.