காத்தாடி நிண்ட பின்னேரம்

பாலேஸ்வரியின் குறட்டையில் ஏதோ பிழை இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சரிந்தால் குறட்டை விடாத மனுசி கண்டலடியில் இல்லை. அதிலே புதினம் ஒன்றுமில்லை. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அவளுடைய புருசன் தியாகராசாவுக்கு முதலில் பிழை என்னவென்று பிடிபடவில்லை. வேலிக்கு அங்கால், பரவைக்கடல் கரையில் நின்ற, கரண்ட் எடுக்கிற காத்தாடியின் ஓர் இறக்கை காற்றை வெட்டிக்கொண்டு கீழே வரும்போது ‘வூம்’ என்று ஒரு சத்தம் எழும். உள்ளே குறட்டை ஏறும். அடுத்த இறக்கை வரும், குறட்டை இறங்கும். காது கொடுத்துக் கேட்டார். ஒருதரமும் தவறவில்லை. சோளகக் காற்று ஒரு வீச்சு வீசக் காத்தாடி விரைந்தது. குறட்டையும் விரைந்தது.

“நித்திரையிலும் சொந்தப் புத்தி இல்லை,” என்று மனுசன் முணுமுணுத்தார். ஆனால் திரும்பக் கண்ணை மூடவில்லை.

கொழும்பில் ஒரு திணைக்களத்தில் கோப்புகளைக் கட்டி மேய்த்துப்போட்டுப் பென்சனோடு போன வருசம்தான் ஊருக்கு வந்தவர் தியாகராசா. காத்தாடி வந்து பத்து வருசத்துக்கு மேலாகிறது. அவ்வளவு காலமும் மாதத்தில் ஒருக்கால் இரவு பஸ்ஸில் வந்து, ரெண்டு நாள் நின்று, கறியில் உப்பு இல்லை, வளவு கூட்டவில்லை என்று குறை பிடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இங்கேயே கிடந்தவள் பாலேஸ்வரி.

ஊர்ச்சனத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் செம்மறிகள். கம்பனிக்காரன் வடலிக்காட்டை அழித்தான், பார்த்துக்கொண்டு நின்றதுகள். லொறி போக உயர்த்தின பாதை வாய்க்காலை மறித்து, மாரி வெள்ளம் தை பிறந்தும் வளவுக்குள் நின்று நாறியது, அதையும் பார்த்துக்கொண்டு நின்றதுகள். காணியைக் குத்தகைக்குக் குடுத்தவன் கொடிகாமத்தில் கடை போட்டுக்கொண்டு போனான். குடுக்காதவன் அவனுடைய வீட்டுச் செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டான். பரவைக்கு வாற கூழைக்கடாக்களும் வராமல் விட்டன. சுன்னாகத்துக்கும் அங்காலும் கரண்ட் போகுது, இங்கே காத்துக் குறைஞ்ச நாளில் ஊரே ஒட்டகம் படுத்த மாதிரிச் சோம்பிக் கிடக்குது. கோயிலுக்குக் கம்பனி அடித்துக் குடுத்த சுண்ணாம்போடு எல்லாருடைய வாயும் அடைத்துப்போச்சு. கேட்டால் ஒரே மறுமொழி: “பழகிப்போச்சு.”

“எருமையும்தான் சேத்துக்குப் பழகும்,” என்பார் தியாகராசா.

அவருக்குப் பழகவில்லை. வந்த நாள் தொடக்கம் கண் மூடேலாது. கை வந்த வேலையைச் செய்தார்: பெட்டிசம் எழுதினார். ஓர் அமைச்சுக்கு, ரெண்டு அதிகாரசபைக்கு, மூன்று பத்திரிகைக்கு. பொழுதுபட்டால் விடியும்வரை காத்தாடியைப் பூட்டிவைக்க வேண்டும் என்று எழுதி, கீழே ‘ஊர்மக்கள் சார்பில்’ என்று போட்டார். ஊர்மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செம்மறியிடம் ஆர் கேட்பான்?

குறட்டையைக் கேட்ட மறுநாள் ஏரம்புவின் கடைக்குச் சீனி வாங்கப் போனார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ஏரம்பு தராசைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டான்:

“அண்ணை... சீனி அரைக்கிலோ... போதுமோ... இல்லாட்டி...”

பேச்சு அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு அறுப்பிலும் தூரத்தில் ‘வூம்’. தியாகராசா நிமிர்ந்து பார்த்தார். கடையில் நின்றவர்களின் தோள்கள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. ஒன்றாகத் தாழ்ந்தன. வாசலில் படுத்திருந்த நாயின் விலாவும் அப்படியே. தாயின் இடுப்பில் இருந்த கைக்குழந்தையின் வயிறும். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

“என்னடாப்பா, உதென்ன கூத்து?” என்றார்.

“எது... அண்ணை?” என்றான் ஏரம்பு. அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

சீனியை வாங்காமலே வந்துவிட்டார். பயம் என்று சொல்ல மனுசனுக்கு வாய் வராது. அருவருப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீடு வரும்வரை தன் மூச்சை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தார். அது அவருடைய சொல்தான் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

பின்னேரம் படலையடியில் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நின்றது. காத்தாடியைப் பார்க்கிற பொடியன் பிரகாஸ். சுன்னாகத்தான், வேலை முடிந்தால் ஊருக்குப் போய்விடுகிறவன்.

“ஐயா, நீங்கள் வெண்டிட்டியள்,” என்றான். “இண்டைக்குப் பொழுதுபட நிப்பாட்டச் சொல்லிக் கட்டளை வந்திட்டுது.”

“இப்பதான் உங்கடை ஆக்களுக்குக் கண் திறந்ததோ?”

“ஆனால் ஒண்டு. விடியப் போடச்சொல்லி அதிலை இல்லை. நிப்பாட்டினால் நானாத் திருப்பிப் போடேலாது. கொழும்பிலையிருந்து எழுத்திலை வரவேணும்.”

“போடச்சொல்லி இஞ்சை ஆர் உன்னட்டை அழப்போறான்?” என்று தியாகராசா சிரித்தார். அந்த வருசத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்தரம்.

பொடியன் போனதும் குசினி வாசலில் பாலேஸ்வரி வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

“இஞ்சருங்கோ... அதை நிப்பாட்டாதேங்கோ.”

“உமக்கென்ன விசரே?”

“நீங்கள் வரமுந்தி... வைகாசியிலை ஒருக்கா... பழுதுபாக்கவெண்டு நிப்பாட்டினவங்கள். கொஞ்ச நேரந்தான். எனக்கு நெஞ்சுக்குள்ளை... கல்லு வைச்ச மாதிரி. முன்வீட்டுச் சின்னாச்சியக்கா... அண்டைக்குத்தானே போனவ.”

“கிழவிக்கு வயசு போச்சு, செத்தாள். அதுக்குக் காத்தாடியே கொள்ளி வைச்சது? போய்த் தேத்தண்ணியைப் போடும்.”

அவள் போகவில்லை. அவருடைய கையைப் பிடித்தாள். கலியாணம் கட்டின காலம் தொட்டு அவள் அப்படிப் பிடித்ததில்லை. தியாகராசா கையை உதறிவிட்டார்.

“ஊரோடை சேர்ந்து நீரும் செம்மறியாப் போனீர்,” என்றார்.

பாலேஸ்வரி அறைக்குள் போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். அவர் கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டு, கூத்துப் பார்க்க வந்தவர் மாதிரிக் காலை நீட்டி உட்கார்ந்தார். மேற்கே வெயில் சிவந்து சாய்ந்திருந்தது. காத்தாடியின் நிழல் வேலியைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, வீட்டுச் சுவரில் ஏறி, யன்னலுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. பரவையிலிருந்து உப்பும் அழுகல் சாதாளைப் பாசியும் கலந்த மணம் வந்தது. ஏரம்புவின் கடை றேடியோ எங்கேயோ பாடிக்கொண்டிருந்தது. கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடிக்கத் தொடங்கினார்கள்.

வூம். வூம். பிறகு கொஞ்சம் பிந்தி, வூம்.

இறக்கைகள் தளர்ந்தன. இன்னும் தளர்ந்தன. எங்கேயோ இரும்போடு இரும்பு உராய்கிற ஒரு கீச்சு நீளமாகக் கேட்டது. நின்றது.

தியாகராசா கண்ணை மூடினார். ஆகா! எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு அமைதி. பனையோலை சலசலக்கிறது கேட்டது. காத்து நல்லாய்த்தான் வீசியது. பொடியனுடைய மோட்டார்சைக்கிள் பெருந்தெருப் பக்கம் தேய்ந்து போனது. மணி ஒரு அடி அடித்தது.

அடுத்த அடிக்குக் காத்திருந்தார்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தார். படலையடியில் ஏரம்புவின் நாய் கிடந்தது, நாலு காலையும் நீட்டிக்கொண்டு. றேடியோ மட்டும் பாடியது. ஒரு பிள்ளை அழவில்லை. ஒரு மாடு கத்தவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் ஏதோ பாரமாக விழுந்தது. பிறகு இன்னொன்று.

“ஏரம்பு!” என்று கத்தினார். “டேய், ஏரம்பு!”

பனையோலைதான் சலசலத்தது.

உள்ளே ஓடினார். யன்னலால் வந்த இறக்கை நிழல் பாலேஸ்வரியின் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்து, அப்படியே அசையாமல் கிடந்தது. சோளகம் யன்னலால் புகுந்து அவளுடைய சேலைத்தலைப்பை அள்ளி எறிந்தது. அவ்வளவு காத்து. அவளுடைய மூக்குக்குள் மட்டும் அது போகவில்லை. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது அந்தக் கண்ணில். அவரைத்தான் பார்த்தாள்.

“பாலேஸ்! இழும்! மூச்சை இழும்!”

உதடு நீலம். தோளைப் பிடித்து உலுக்கினார். நெஞ்சை அமத்தினார். ஒன்றுமில்லை. முருகா, முருகா என்று வாய் அரற்றியது. பாயடியில் பனையோலை விசிறி கிடந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எடுத்து வீசினார்.

விசுக்.

நெஞ்சு ஏறியது.

வீசினார். நெஞ்சு இறங்கியது. வேகமாக வீசினார். அது சரிவரவில்லை, திணறினாள். அந்தத் தாளம் வேணும். ஒரு வருசமாய்த் தன்னைத் தின்ற அந்த நாசமாய்ப் போன தாளம். அவருக்கு அது மனப்பாடம். விசுக். விசுக். உதட்டில் நிறம் வந்தது.

தியாகராசா அழுதார். அழுதுகொண்டே வீசினார். வலக்கை கடுக்க இடக்கைக்கு மாற்றினார். மாற்றுகிற அந்த நொடியில் அவளுடைய கண் பிதுங்கியது. இனி மாற்றக்கூடாது. போன் விறாந்தை மேசையில் கிடந்தது. எட்டாது. எட்டித்தான் என்ன? கடிதம் வேணும். கடிதம் கோப்பாகவேணும். கோப்பு மேசை மேசையாக நகரவேணும். எவ்வளவு காலம் எடுக்குமென்று அவருக்குத் தெரியாததா? அந்த மேசைகளில் ஒன்றில் இருந்து பிந்தப்பண்ணினவரே அவர்தான்.

வெளியே வெயில் போய்விட்டது. ஊரில் ஒரு விளக்கும் ஏறவில்லை. றேடியோவும் எப்பவோ பாட்டை முடித்து இரைந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையின் நினைவு வந்தது. அதை நினைக்காமல் வீசினார்.

தோள்மூட்டு எரிந்தது. விரல் மரத்தது. பாலேஸ்வரியின் கண் இப்போது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. விசிறி பிடித்த கையைப் பார்த்தது. வாய் அசைந்தது. வீச்சுக்கு ஓர் அசையாக வந்தது சொல்.

“நிப்... பாட்... டா... தேங்... கோ...”

“இல்லை, இல்லையம்மா,” என்றார் தியாகராசா.

கை தாழ்ந்தது. திரும்ப ஏறியது, முந்தினதிலும் கொஞ்சம் பிந்தி.